பறவை பார்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், சந்தா, புதிதாகச் சேர்ந்தவர்கள் விவரம் எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். நான் பேச வேண்டியது பொங்கலை ஒட்டி நாம் போய்வந்த பயணத்தைப் பற்றித்தான், ஏனென்றால் அதைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், பாதிப் பேருக்கு ஏமாற்றம், மீதிப் பேர் அடுத்த வருடமும் அதே இடம் என்கிறார்கள்.

காலையில் காவேரிப்பாக்கம் ஏரி, மத்தியானம் மோர்தானா அணை என்று திட்டம். ஒன்று வேலூருக்குக் கிழக்கே, இன்னொன்று மேற்கே குடியாத்தம் தாண்டி. "ரெண்டும் ஒரே நாள்லயா சார்" என்று வேன் டிரைவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் காவேரிப்பாக்கம் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது, ஆனால் நம் சங்கத்துக்கு இன்னும் எல்லாம் பழைய வட ஆற்காடு மாவட்டம்தான்.

ஏரி நிரம்பிவிட்டது, கோடி போகிறது, அதாவது உபரித் தண்ணீர் வழிகிறது என்ற செய்தியைக் கேட்டுத்தான் இந்த முறை நிறையப் பேர் பெயர் கொடுத்தார்கள். பல்லவர் காலத்து ஏரி, வாலாஜா பக்கத்தில் பாலாற்றின் குறுக்கே 1858இல் கட்டிய அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய்தான் இதற்குத் தண்ணீர் கொடுக்கிறது. விடிந்தும் விடியாமலும் கரையில் ஏறி நின்றோம். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், நடுவில் கறுப்பு கறுப்பாகப் புள்ளிகள், பைனாகுலரில் பார்த்தால் அத்தனையும் நாமக்கோழி. கொஞ்சம் சின்ன நீர்க்காகம், கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பாம்புத்தாரா, அவ்வளவுதான். புதிதாக வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் செல்போனை எடுத்துவிட்டார்கள்.

அப்போது தெர்மாகோல் மிதவையில் வலை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் நமக்கு வழி சொன்னார். "இன்னா சார், நாமக்கோழி பாக்கவா வேலூர்ல இருந்து வந்தீங்க? தண்ணி ஆழமா இருந்தா வாத்து, உள்ளான்லாம் எங்க நிக்கும், உள்வாய் பக்கம் போங்க." உள்வாய் என்றால் கரைக்கு எதிரே, தண்ணீர் ஆழமில்லாமல் பரவி நிற்கும் பக்கம். வேனைத் திருப்பிச் சுற்றிக்கொண்டு போனோம். அவர் சொன்னது அப்படியே சரி. கருவேல மரங்களுக்கு நடுவில் தண்ணீர் முழங்கால் அளவுக்குப் பரவிக் கிடந்த இடத்தில் ஊசிவால், தட்டைவாயன், நீலச்சிறகி என்று வாத்துகள் எல்லாம் கூட்டமாக இருந்தன. சேற்று ஓரத்தில் இரை தேடும் கரைப்பறவைகளான பவளக்காலி, பொரி உள்ளான். கொஞ்ச நேரத்தில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழ்வாகப் பறந்து வந்தது, மொத்தக் கூட்டமும் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது. அதில் ஒரு லாபம், உட்கார்ந்திருக்கும்போது பெட்டையா ஆணா என்று சண்டை போட வைத்த நீலச்சிறகியின் நீலச் சாம்பல் தோள் அப்போதுதான் தெரிந்தது. குளிர்காலத்தின் பெரும்பகுதி இதன் ஆண் பறவையும் பெட்டை மாதிரியே மங்கலாக இருக்கும், வெள்ளைப் புருவம் எடுப்பாகத் தெரிய நாளாகும், அதனால் அன்று வேனில் நடந்த வாக்குவாதத்தில் யார் மேலும் தப்பில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் நிற்பதெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து திருத்துங்கள். வாத்துகளும் உள்ளான்களும் சைபீரியா, மத்திய ஆசியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலத்துக்கு வருபவை. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் நம் ஊர்க்காரர்கள், இங்கேயே கூடு கட்டுபவை.

மோர்தானாவில் நிலைமை வேறு. ஆந்திராவிலிருந்து வரும் கவுண்டின்யா ஆற்றின் குறுக்கே, மலைகளுக்கு நடுவில் கட்டிய அணை, கரை சரேலென்று இறங்கி உடனே ஆழமாகிவிடுகிறது. ஊசிவால் மாதிரி வாத்துகள் முங்கி மேய்பவை அல்ல, தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி, கழுத்து எட்டுகிற ஆழத்தில்தான் மேயும். அதற்கு இங்கே இடமே இல்லை. மீன் தின்னிகளுக்குத்தான் இது ஊர். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்து நின்று கீழே விழுவதைப் பார்த்தோம். அப்புறம் மீன் பிடிக்கும் பருந்தான விராலடிப்பான். அது கால்களை முன்னால் நீட்டித் தண்ணீரில் பாய்ந்து மீனைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு, காலையில் செல்போன் பார்த்த பிள்ளைகள் எங்களைக் கிளம்பவே விடவில்லை. யானை நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் பொழுது சாய்வதற்கு முன்பே கிளப்பிக்கொண்டு வந்தேன், அதற்காக என் மேல் கோபப்பட்டவர்கள் இன்றோடு மறந்துவிடவும்.

ஏரியில் வேறு ஒரு குழு ட்ரோன் பறக்கவிட்டதையும் எழுதியாக வேண்டும். வாத்துகள் அத்தனையும் எழும்பி மறு கரைக்கே போய்விட்டன. மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போவதற்கு அவை இங்கே தின்றுதான் கொழுப்புச் சேர்க்கின்றன, ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது. நம் பயணங்களில் ட்ரோனும், செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பதும் கூடாது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

சரி, அடுத்த ஆண்டுக்கு வருவோம். ஏரி நிறைந்திருக்கும்போது போவது படம் எடுக்க நல்லது, பறவைக்கு அல்ல. நவரைப் பட்ட நெல்லுக்கு மதகு திறந்து தண்ணீர் இறங்க இறங்கத்தான் உள்வாயில் சேறு தெரியும், அப்போதுதான் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் எல்லாம் கிட்டத்தில் வரும். அதனால் காவேரிப்பாக்கம் பயணத்தைப் பிப்ரவரி நடுவுக்குத் தள்ளி, நேராக உள்வாய்க்கே போகலாம், மோர்தானாவை வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாக வைத்துக்கொள்ளலாம். 2015இலிருந்து தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பை விட வேண்டாம், அதை அவரவர் வீட்டுக்குப் பக்கத்து ஏரியிலேயே செய்வோம், சதுப்பேரி, கழிஞ்சூர் எல்லாம் டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தானே.

இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் எழுந்து பெயர் கொடுக்கவும். சங்கத்தின் பெரிய பைனாகுலரை வாங்கிக்கொண்டு போனவர், யார் என்று எனக்குத் தெரியும், டீ வருவதற்குள் மேஜையில் வைத்துவிடவும்.

செயலாளர்