ஒசாகாவுக்கு பார்சல் போடுறதுக்கு முன்னாடி

தம்பி,

போன்ல பேசுனா ம்ம் ம்ம்னு சொல்லிட்டு வச்சிடுற, அதான் டைப் பண்ணி அனுப்புறேன். ஆபீஸ் நேரத்துல பாக்காத, நைட்டு படுத்துக்கிட்டு பொறுமையா படி.

நீ போன புதுசுல அனுப்புன சாப்பாட்டு போட்டோ ஒண்ணு கூட நான் அழிக்கல, போன்ல எடம் இல்லன்னு அப்பா கத்துறாங்க. ஷின்செகாய்ல அந்த டவர் பக்கத்துல குச்சில குத்திப் பொரிச்சுத் தர்ற கடை, சாஸ்ல ஒரு தடவதான் முக்கணும் கடிச்சத மறுபடி முக்கக்கூடாதுன்னு எழுதியே போட்டிருப்பாங்க, பத்தலன்னா சும்மா குடுக்குற முட்டைகோஸ வச்சு சாஸ அள்ளி ஊத்திக்கணும்னு சொன்னியே, அத நம்ம தெரு பூரா சொல்லிட்டேன். எச்சி பாக்குறதுல நம்ம ஆச்சியையே மிஞ்சிட்டாங்கன்னு மதினிக்கு ஒரே சிரிப்பு. ஒகோனோமியாகின்னு அங்க அடை மாதிரி ஒண்ணு, அதுக்கு ஒசாகால கோஸ மாவுலயே கலந்து கல்லுல ஊத்துவாங்க, ஹிரோஷிமால அடுக்கடுக்கா வைப்பாங்கன்னு எனக்கே கிளாஸ் எடுத்த. 1958ல இன்ஸ்டன்ட் நூடுல்ஸ கண்டுபிடிச்ச ஊருன்னு இகேடா மியூசியம் போயி நூடுல்ஸ் கப்புல நம்ம வீட்டு வேப்பமரத்த வரைஞ்சிருந்த. எம்புள்ள வெறும் வேலை மட்டும் பாக்கல, ஊரையும் பாக்குறான்னு எல்லார்ட்டயும் சொல்லுவேன்.

தீபாவளிக்கு அப்புறம் கடை போட்டோ ஒண்ணும் வரல. போன வாரம் கேட்டதுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா போட்டோ அனுப்புன, சோறும் பொரிச்ச மீனும், மேல ஒரு ஸ்டிக்கர். சித்தி மக ஜாப்பனீஸ் கிளாஸ் போறால்ல, சும்மா அவகிட்ட காட்டுனேன். பாதி விலைன்னு போட்டிருக்கு பெரியம்மான்னா. சாயங்காலம் ஆனா சூப்பர் மார்க்கெட்ல முதல்ல கொஞ்சம் குறைச்சு ஒட்டுவாங்களாம், மூடுற நேரத்துல பாதிக்குக் குடுத்துருவாங்களாம், நல்ல சம்பளம் வாங்குறவங்களே அதுக்குன்னு காத்திருந்து வாங்குவாங்களாம். சரிதான், சிக்கனம் நல்லதுதான், நான்தான வளத்தேன். ஆனா மறுநாளும் அதே மாதிரி டப்பா. கடை மூடுற நேரம் வரைக்கும் ஏன் சாப்பிடாம இருக்க? மத்தியானம் என்ன சாப்பிடுற? மத்தியானம் என்ன சாப்பிட்டன்னு நீ சொல்லவே மாட்டேங்குற.

ஊர் ஊரா போயி தின்னே காசக் கரியாக்குறான்னு அப்பா அன்னிக்கு ஸ்பீக்கர்ல சொன்னத மனசுல வச்சுக்காத. அவங்க வாய் அப்படித்தான் உனக்குத் தெரியாதா. அங்க 2025ல அரிசி 5 கிலோ 4000 யென்னத் தாண்டிருச்சுன்னு நியூஸ்ல பாத்துட்டு, நம்ம காசுக்கு 2000 ரூபாய்க்கு மேல வருதேடின்னு கால்குலேட்டர வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்ததும் அவங்கதான்.

இந்த மாசமும் பணம் கரெக்டா வந்திருச்சு. அதுதான் எனக்கு ஆகல. அரை விலைச் சோறு தின்னுட்டு இங்க முழுசா அனுப்புறதுல என்னடா கௌரவம்? லோன் பாத்துக்கலாம், மாமா இருக்காங்க, செங்கோட்டைக்காரங்க கதைய நீ பாத்தேல்ல, கடைசி வரைக்கும் யாருக்கும் சொல்லாம வச்சிருந்து என்ன ஆச்சு. நான் உன்ன எதுவும் கேக்கல. நேரத்துக்கு சாப்பிடுன்னு மட்டும்தான் சொல்றேன்.

உங்க ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டே சாப்பிடுற உடோன் நூடுல்ஸ் கடை இருக்குன்னியே, இனிப்பா டோஃபு பொரிச்சுப் போட்டு, சூடா, சூப்பு மீன் வாசம் அடிக்கும்னு, அங்கயாவது போ. சூடா ஒரு வாய் உள்ள போகணும். அந்த மாட்டுக்கறிச் சோத்துக் கடைதான் இருக்குறதுலயே சீப்புன்னு நீ சொன்னப்ப நான் கத்துனேன்ல, பரவால்ல போ, பசிச்சா அதையும் சாப்பிடு. ஆச்சிக்குத் தெரிய வேணாம், அப்பாவுக்கும் தெரிய வேணாம். வயித்தக் காயப் போடாத. நேரத்துக்கு சாப்பிடு.

மதினிக்கு ரெண்டாவதும் பொண்ணுதான், சொன்னேனா? நல்லா இருக்கா.

பருப்புப்பொடி, இட்லிப்பொடி, எள்ளுப்பொடி அரைச்சு வச்சிருக்கேன், புளிக்காய்ச்சலும் கிளறிட்டேன், வெறும் சோறு வடிச்சாலே போதும். உப்புக்கண்டமும் போட்டிருந்தேன், ஆனா ஜப்பான்ல கறி ஐட்டம் எதையும் உள்ள விடமாட்டாங்கன்னு பார்சல் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, அத நீ வரும்போது பாத்துக்கலாம். எப்ப வேணா வா, லீவு கெடச்சாதான் வரணும்னு இல்ல.

அட்ரஸ் அதேதானடா? கம்பெனி குடுத்த ரூம்லதான இருக்க? பார்சல் ஆபீஸ்ல கேப்பாங்க, அதுக்காகத்தான் கேக்குறேன்.

அம்மா