உயர்மாடிச் சன்னல்களுக்குக் கம்பி எதற்காக?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் உறவினர்கள், பத்தாவது அல்லது பதினைந்தாவது மாடியில் இருக்கும் நம் வீடுகளின் சன்னல்களில் இரும்புக் கம்பிகளைப் பார்த்ததும், இவ்வளவு உயரத்திற்குத் திருடன் எப்படி ஏறி வருவான் என்று கேட்கிறார்கள். அங்கே பெரும்பாலான வீடுகளில் சன்னல் சட்டத்தோடு கம்பியும் சேர்ந்தே சுவரில் ஏறிவிடுகிறது; கம்பி வேண்டுமா என்ற கேள்வியே எழுவதில்லை. இங்கோ வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதிய வீட்டின் சாவியைக் கையில் கொடுக்கும்போது சன்னல் இருக்கும், அதில் கம்பி இருக்காது. போடுவதா வேண்டாமா, எந்தெந்தச் சன்னலுக்குப் போடுவது என்பதெல்லாம் குடிவருபவரின் முடிவு. புதுப்பிப்புச் செலவைக் குறைப்பதற்காகவும், வெளிக்காட்சி மறையக்கூடாது என்பதற்காகவும், கம்பியே வேண்டாம் என்று சொல்லும் இளம் தம்பதியரை இப்போது அடிக்கடி காண்கிறேன். அந்தக் கவலையே என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது.

திருட்டுப் பயம் என்ற காரணம் முற்றிலும் பொருந்தாதது என்று சொல்லமாட்டேன். 1960களிலும் 1970களிலும் கட்டப்பட்ட புளோக்குகள் (அடுக்குமாடிக் கட்டடங்கள்) பலவற்றில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் பொது நடைபாதையை ஒட்டியே படுக்கையறைச் சன்னல்கள் இருக்கின்றன. போவோர் வருவோர் யாரும் கையை உள்ளே நீட்டிவிடக்கூடிய அந்தச் சன்னல்களுக்குக் கம்பி தேவைப்பட்டது. கம்பி இருந்ததால்தான் இரவில் அவற்றைத் திறந்து வைத்துக் காற்று வாங்க முடிந்தது. பிற்காலப் புளோக்குகளில் தரைத்தளம் பெரும்பாலும் வீடுகள் இன்றித் திறந்தவெளியாக விடப்பட்டது, நடைபாதைகளின் நீளமும் குறைந்தது. ஆகவே வெளிப்புறம் பார்த்த உயர்மாடிச் சன்னலில் கம்பி போடுகிறவர் வெளியிலிருந்து வரும் ஆளை நினைத்துப் போடுவதில்லை. வீட்டுக்குள் இருப்பவர் விழுந்துவிடக்கூடாது என்று நினைத்தே போடுகிறார்.

முதலில் குழந்தைகள். இன்றைய வீவக வீட்டின் படுக்கையறையில் கட்டிலை எங்கே போடுவது என்று பார்த்தால், சன்னலை ஒட்டிப் போடுவதைத் தவிர வேறு வழி பல வீடுகளில் இல்லை. நின்றால் சன்னல் விளிம்புக்குக் கீழே நிற்கும் இரண்டு வயதுக் குழந்தை, மெத்தை மீது ஏறிவிட்டால் அதன் மார்பு விளிம்புக்கு மேலே வந்துவிடுகிறது. நாற்காலி, சோபா, பொம்மைப் பெட்டி என்று ஏறுவதற்கு எதையாவது இழுத்துக்கொண்டு வருவது அந்த வயதின் இயல்பு. அதற்காகப் பெற்றோரின் கவனக்குறைவைக் குறை சொல்வது நியாயமாகாது. சமையலறையில் பால் பொங்குவதைப் பார்த்து அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பும் நேரம் போதும். சன்னலைப் பூட்டி வைத்தால் ஆயிற்று என்பார்கள். நம் ஊர் வெயிலில், குளிர்சாதனம் ஓடாத நேரத்தில், எந்த வீட்டிலும் சன்னல் நாள் முழுவதும் பூட்டியே கிடப்பதில்லை. கொசுவலை போட்டிருக்கிறோம் என்ற பதிலையும் கேட்டிருக்கிறேன். கொசுவலை கொசுவைத் தடுக்கும்; சாய்கிற குழந்தையின் எடையை அது தாங்காது.

அடுத்து, நம் வீட்டு வேலைகளைச் செய்வதற்காக வேறு நாட்டிலிருந்து வந்திருக்கும் பணிப்பெண்கள். இவர்களில் பலர் மாடி வீட்டில் வாழ்ந்தே அறியாதவர்கள். சன்னலின் வெளிப்புறக் கண்ணாடியைத் துடைக்க உடலின் பாதியை வெளியே நீட்டியும், நாற்காலியில் ஏறி நின்றும், ஈரத்துணி தொங்கும் கனமான மூங்கில் கழியைச் சமையலறைச் சன்னலுக்கு வெளியே செருகியும் விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. 2012ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் இத்தகைய மரணங்கள் அடுத்தடுத்து நேர்ந்த பிறகே, அவ்வாண்டு ஜூன் மாதம் மனிதவள அமைச்சு விதியைக் கடுமையாக்கியது. சன்னலுக்குக் கம்பி போட்டிருக்க வேண்டும், துடைக்கும் நேரம் முழுவதும் அது பூட்டியிருக்க வேண்டும், முதலாளியோ அவர் பொறுப்பளித்த பெரியவர் ஒருவரோ அருகில் இருந்து கண்காணிக்க வேண்டும். இவை அனைத்தும் இருந்தால் மட்டுமே சன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கச் சொல்லலாம். தரைத்தளத்தில் உள்ள சன்னலுக்கும் பொது நடைபாதையை ஒட்டிய சன்னலுக்கும் மட்டும் விலக்கு உண்டு. இந்த விதி வந்து இத்தனை ஆண்டுகளாகியும், வரவேற்பறைக்கு அழகான கம்பியைப் போட்டுவிட்டு, துணி காயவைக்கும் பின்புறச் சன்னலைத் திறந்தபடியே விட்டுவைக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பெண் அன்றாடம் கையை நீட்டுகிற சன்னல் எதுவோ அதற்குத்தான் முதலில் கம்பி வேண்டும்.

மறதிநோய் உள்ள முதியவர்கள் இருக்கும் வீடுகளைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். வீவக வீடுகளில் பூனை வளர்ப்பது 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அனுமதிக்கப்பட்டிருப்பதால், வலையும் கம்பியும் தேடும் வீடுகள் இன்னும் கூடும்.

எந்தக் கம்பி என்பதிலும் கவனம் வேண்டும். குறுக்குவாட்டுக் கம்பிகளும் பூவேலைப்பாடுகளும் பார்க்க அழகாக இருந்தாலும், குழந்தை கால் வைத்து ஏறுவதற்கு அவை ஏணியாகிவிடும். நெடுக்குக் கம்பிகளே நல்லவை. கட்டடங்களின் பாதுகாப்புத் தடுப்புகளில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கக்கூடாது என்பது இங்குள்ள கட்டட விதி. சன்னல் கம்பிக்கும் அதையே அளவாகக் கொள்ளலாம். ‘கண்ணுக்குத் தெரியாத கம்பி’ என்று விற்கப்படுவது, நைலான் பூசிய மெல்லிய எஃகு வடங்களை மேலும் கீழும் இழுத்துக் கட்டியது. காட்சி மறையாது, துருவும் எளிதில் பிடிக்காது என்பதால் பலர் விரும்புகிறார்கள். அதன் பலம் முழுவதும் அந்த இழுவிசையில் இருக்கிறது. நாளடைவில் வடம் தளர்ந்தால் கையாலேயே விலக்க முடியும். அதைப் போடுகிறவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது அழுத்திப் பார்த்து, தளர்ந்திருந்தால் ஆளை அழைத்து இறுக்கிக்கொள்ள வேண்டும்.

தீ பற்றினால் கம்பியே நம்மை அடைத்துவிடாதா என்ற அச்சம் நியாயமானது. பன்னிரண்டாவது மாடியின் வெளிப்புறச் சன்னல் வழியாக யாரும் தப்பிக்கப் போவதில்லை. ஆனால் பொது நடைபாதையை ஒட்டிய சன்னல், வாசலில் தீ இருக்கும்போது வெளியேறுவதற்கு உள்ள இரண்டாவது வழி. அங்கே திறந்து மூடும் கம்பியைப் போட்டு, அதன் சாவியைக் குழந்தைக்கு எட்டாத, பெரியவர்கள் இருட்டிலும் தடவி எடுக்கக்கூடிய ஓரிடத்தில் வைத்து, அந்த இடத்தை வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும், பணிப்பெண்ணுக்கும் சேர்த்து, காட்டிவிட வேண்டும். வெளிப்புறச் சன்னலிலும் திறக்கக்கூடிய கம்பியே நல்லது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெளிப்பக்கமாகத் திறக்கும் சன்னல்களின் அலுமினியத் தறையாணிகளை (ரிவெட்) நீக்கிவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பொருத்த வேண்டும் என்பது 2004ஆம் ஆண்டு அக்டோபர் முதல் சட்டம்; மீறினால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். உட்பக்கம் கம்பி நிரந்தரமாக அடைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் அந்த ஆணிகளைச் சோதிக்கக் கை எட்டாது; சன்னல் கழன்று விழுந்தால் உட்பக்கக் கம்பி அதைத் தடுக்கவும் செய்யாது.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ‘கொண்டோமினியம்’ எனப்படும் தனியார் கூட்டுரிமை வீடுகளைப் பற்றி. வேலைக்காகக் குடும்பத்துடன் இங்கு வந்து, அத்தகைய வீடுகளில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவர்கள் சன்னல் கம்பி கேட்டால், சுவரில் துளையிடக்கூடாது என்கிறார் வீட்டு உரிமையாளர். கட்டடத்தின் தோற்றம் கெடும் என்கிறது நிர்வாகம். 2005ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு விதிமுறைகள் இதற்குத் தெளிவாகவே விடை சொல்லியிருக்கின்றன. வீட்டின் பாதுகாப்பை மேம்படுத்தும் சாதனங்களையும், பிள்ளைகளுக்குத் தீங்கு நேராமல் தடுக்கும் அமைப்புகளையும் உரிமையாளரோ குடியிருப்பவரோ பொருத்துவதைப் பொதுச் சொத்தைச் சேதப்படுத்தக்கூடாது என்ற விதி தடுக்காது. முறையாகப் பொருத்த வேண்டும், கட்டடத்தின் மற்றப் பகுதிகளின் தோற்றத்தோடு அது ஒத்துப்போக வேண்டும் என்பவையே அதற்கான நிபந்தனைகள். ஆகவே நிர்வாகக் குழுக்கள் பொருத்தமான வடிவத்தையும் நிறத்தையும் முன்கூட்டியே தேர்ந்து, கேட்பவர் எவருக்கும் எழுத்தில் கொடுக்கலாம். ஒவ்வொரு குடும்பமும் மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டிய நிலை இராது.

வாடகைக்கு வீடு தேடும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: சன்னல்களுக்கும் மாடத்திற்கும் (பால்கனி) கம்பி போட அனுமதி உண்டு, செலவு இன்னாருடையது என்பதை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையாளர்கள் துளைகளை எண்ணித் தயங்க வேண்டாம். வாடகைதாரர் வீட்டை ஒப்படைக்கும்போது அவற்றை அடைத்துப் பூசித் தர வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்