ஐஸ் தண்ணி டம்ளரை விட்டுட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை வந்த இயற்பியல் விஞ்ஞானிகள் கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஃபைன்மேன் பத்தி டிரம் வாசிப்பாரு, பூட்டைத் திறப்பாருன்னு ஜாலி சமாச்சாரமா எழுதிட்டு முக்கியமானதை விட்டுட்டீங்க. 1986 ஜனவரியில சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடிச்சு 7 பேர் இறந்தாங்கல்ல, அந்த விசாரணைக் குழுவுல இவரும் இருந்தாரு, ஆளாளுக்கு சுத்தி வளைச்சு விளக்கம் சொல்லிட்டிருந்தப்ப இவரு பாட்டுக்கு ஓ-ரிங், அதாவது ராக்கெட் இணைப்புல இடைவெளியை அடைக்கிற ரப்பர் வளையம், அதோட துண்டை ஒரு சின்ன கிளாம்ப்ல நெருக்கி முன்னாடி இருந்த ஐஸ் தண்ணி டம்ளர்ல போட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து கிளாம்பைக் கழட்டுனா ரப்பர் உடனே பழைய ஷேப்புக்கு வரல. ஓடம் கிளம்புன அன்னிக்கு நல்ல குளிர், குளிர்ல ரப்பர் விறைச்சிடும், இடைவெளியை சரியா அடைக்காது, சூடான வாயு கசிஞ்சிடும், அவ்ளோதான் விஷயம். 1965-ல நோபல் வாங்குன மனுஷன், ஃபார்முலா ஒண்ணு கூட எழுதல!

இன்னொண்ணு, ஹாக்கிங்குக்கு நோபல் கிடைச்சதா போட்டிருக்கீங்க, தப்பு. கருந்துளையில இருந்து கதிர்வீச்சு வரும்னு 1974-ல அவர் சொன்னதை இதுவரை யாரும் விண்வெளியில நேரடியா பாத்ததில்ல, அவ்ளோ மங்கல். அவர் 2018-ல இறந்துட்டாரு, அவரோட சேர்ந்து வேலை பாத்த பென்ரோஸுக்கு 2020-ல கிடைச்சுது. ஒரு திருத்தம் போட்டுடுங்க. அப்புறம் கார்ல் சேகன் வானியல் ஆளு, அவரை எப்படி இந்த லிஸ்ட்ல சேத்தீங்கன்னுதான் புரியல.

இப்படிக்கு,
உங்க வாசகர்