ஞாயிறு காளான் தேடல்: கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

நண்பர்களே, மழை விட்டிருக்கிறது, ஞாயிறு காலை காட்டுக்குள் போகிறோம். கூடையோ காகிதப் பையோ கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், காளான் புழுங்கி அழுகிவிடும். அடையாளம் தெரியாததைத் தனியாக வையுங்கள், மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

பாதியில் கிள்ளாமல் அடிவரை தோண்டி எடுங்கள். கொடிய நச்சுக் காளான்கள் சில அடங்கிய அமானிட்டா வகைகளின் அடியில் இருக்கும் கிண்ணம் போன்ற உறை மண்ணுக்குள் மறைந்திருக்கும். மேலே பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். 'டெத் கேப்' எனப்படும் அமானிட்டா ஃபலாய்டிஸின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேலாகும். அப்புறம் உடம்பு தேறியது போல இருக்கும், உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். நச்சுக் காளான் பட்டால் வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூச்சி தின்றால் நாமும் தின்னலாம் என்பதெல்லாம் சுத்தப் பொய். செயலியில் படம் பிடித்துப் பார்ப்பது சுவாரசியம்தான், ஆனால் அதை நம்பிச் சமைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பறித்ததை அனுபவமுள்ளவர் பார்த்த பிறகே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். புதிய வகையென்றால் நன்றாக வேகவைத்துக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். ஒன்றிரண்டைச் சமைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், தேவைப்பட்டால் மருத்துவரிடம் காட்டலாம்.

சரி, யார் யார் வருகிறீர்கள்? வெள்ளி இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.