தோல் கிட்டங்கியிலிருந்து ஒரு கடிதம்

ஆகஸ்டா, ஜார்ஜியா மாகாணம், வட அமெரிக்கா
நவம்பர் 1773

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். இன்வர்னஸில் அம்மா, அண்ணி, தாங்கள் அனைவரும் நலமா? தம்பியையும் இங்கே அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒற்றைச் சொல்லில் பதில் எழுத மனம் வரவில்லை. இங்கே தொழில் நடக்கும் விதத்தை எழுதுகிறேன்.

நான் பெரிய வேட்டைக்காரனாகிவிட்டேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வருவதாகக் கேள்வி. வந்த மூன்று ஆண்டுகளில் ஒரு மானைக்கூட நான் சுட்டதில்லை. ஆற்றங்கரைக் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறேன். வேட்டையாடுவோர் இந்த மண்ணின் பூர்வகுடிகளான க்ரீக், செரோகி மக்கள். அவர்களுடைய ஊர்களிலேயே தங்கி, பலர் அங்கேயே பெண்ணும் கட்டிக்கொண்டு, பண்டம் கொடுத்து மான்தோல் வாங்குவோர் நம் ஸ்காட்லாந்துக்காரர்கள். இலையுதிர்காலத்தில் காட்டுக்குள் போகும் வேட்டைக்குழுக்கள் குளிர்காலம் கழிந்தே திரும்புவதால், வசந்தத்தில் பொதிக் குதிரைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 பவுண்டு சுமையோடு, வரிசையாக வந்து இறங்கும். கோடையில் தோலில் புழு வைத்துவிடும் என்பதால் கட்டுகளைப் பிரித்து அடித்து உதற வேண்டும். அந்த வேலையும், சவன்னா துறைமுகம்வரை படகு வலிப்பதும் அடிமைகளான ஆப்பிரிக்கர்கள் தலையில். அங்கிருந்து தோல் இங்கிலாந்து போய்க் காற்சட்டையும் கையுறையும் புத்தக அட்டையும் ஆகிறது.

சென்ற ஆண்டு ஒரு க்ரீக் ஊரில் தோல் பதப்படுத்துவதைப் பார்த்தேன். அது பெண்கள் வேலை. ஊறிய தோலைச் சாய்த்து வைத்த மரக்கட்டையின்மேல் போட்டு மயிரைச் சுரண்டிய ஒருத்தி, மானின் மூளையையே நீரில் கரைத்து அதில் தேய்த்தாள். காயும்வரை விடாமல் இழுத்து இழுத்துப் பிசைந்தாள். கடைசியில் சிறு குழியில் புகைமூட்டம் போட்டு, அதன்மேல் தோலைக் கட்டித் தொங்கவிட்டாள். தொட்டுப் பார்த்தேன், அம்மாவின் கம்பளிப் போர்வைகூட அவ்வளவு மென்மையில்லை (இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்). எங்கள் பேரேட்டில் அவளுடைய உழைப்புக்கு இடமில்லை, எடைக்கு மட்டுமே உண்டு.

அந்த எடையும் நேரானதன்று. நிறுக்கும்போது என் முதலாளியின் கட்டைவிரல் தராசுத் தட்டைவிட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. துப்பாக்கி, வெடிமருந்து, ஸ்ட்ரவுட் கம்பளித் துணி எல்லாவற்றையும் வேட்டைக்கு முன்பே கடனாகக் கொடுத்துவிடுவோம். திரும்பி வருகிறவர்களை வழியிலேயே மடக்கி ரம் ஊற்றித் தோலைப் பறித்துக்கொள்ள வேறொரு கூட்டம் காத்திருக்கும். பிறகு கடன் எப்படி அடையும்? மானும் முன்போல் இல்லை. இந்த ஜூன் மாதம் இதே ஆகஸ்டாவில், ஆளுநர் ஜேம்ஸ் ரைட் முன்னிலையில், கடனுக்கு ஈடாக 20 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை க்ரீக், செரோகித் தலைவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதைக் குடியேறுவோருக்கு விற்று வரும் பணத்தில் வியாபாரிகளின் பாக்கி தீர்க்கப்படுமாம். க்ரீக் இளைஞர்கள் பலர் கொதித்துப்போயிருக்கிறார்கள்.

தம்பி துப்பாக்கி தூக்க ஆசைப்பட்டால் இதையும் சொல்லுங்கள். வட கரோலினாவின் யாட்கின் பக்கத்திலிருந்து டேனியல் பூன் என்பவர் 1769-இல் மலை தாண்டிக் கென்டக்கிக்கு வேட்டைக்குப் போனார். தங்கள் வேட்டைக்காட்டில் அந்நியர் நுழைந்ததைக் கண்ட ஷானி மக்கள் தோல்களையெல்லாம் பறித்துக்கொண்டார்கள். இரண்டாண்டு அலைந்து 1771-இல் வெறுங்கையோடு வீடு திரும்பினாராம்.

இப்போது கிட்டங்கி வாசலில் குதிரைகளைவிட நில அளவையாளர்களே அதிகம். நூறு ஏக்கர் வாங்கித் தம்பியைக் குடியேற்று என்கிறார் முதலாளி. அந்த நிலத்தை விழுங்கிய கடனில் ஒரு பகுதி என் கையெழுத்தில் இருக்கிறது, அண்ணா. வசந்தம்வரை அவனுக்குக் கப்பல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

தங்கள் அன்புத் தம்பி