முரளிக்கு, நான்கு சனிக்கிழமைகளுக்குப் பிறகு

கேன்டன், மிச்சிகன்
23 செப்டம்பர் 2007

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்து, நாலு வரியில் கிழித்துப் போட்டேன். "என்னடா ஆச்சு நம்ம டீமுக்கு?" என்று நீ கேட்டிருந்த ஒற்றைக் கேள்விக்கு அப்போது என்னால் நிதானமாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. நேற்று அமெரிக்கன் ஃபுட்பாலில் நம் மிச்சிகன் பல்கலைக்கழக அணி பென் ஸ்டேட்டை ஜெயித்தது. அதனால்தான் இன்று பேனா ஓடுகிறது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுவிடு, "எனக்குத்தான் நல்லாத் தெரியுதே" என்று பாட்டிலை ஒதுக்கி வைத்துவிடப் போகிறார்கள். இங்கே எல்லோரும் சுகம். வேலைதான் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது. ஜிஎம்முக்கும் தொழிற்சங்கத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 14-ஆம் தேதியோடு முடிந்து, பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. அங்கே வேலைநிறுத்தம் என்றால் எங்களைப் போல உதிரிபாகம் செய்துகொடுக்கிறவர்கள் இரண்டே நாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எங்கள் பிரிவில் ஏற்கெனவே நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. சரி, அது கிடக்கட்டும்.

முதல் ஆட்டத்துக்கு யாழினியை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அவளுக்கு இப்போது எட்டு வயது. ஸ்டேடியத்தில் அவள் பார்க்கும் முதல் ஆட்டம் கட்டாயம் ஜெயிக்கிற ஆட்டமாக இருக்கட்டும் என்று, அட்டவணையிலேயே எளிதானதைத் தேர்ந்தெடுத்தேன். செப்டம்பர் 1, அப்பலாச்சியன் ஸ்டேட். பத்திரிகையாளர்கள் வாக்களித்துப் போடும் ஏ.பி. தரவரிசையில் நாம் 5-ஆம் இடம். அவர்களோ கீழ்த்தட்டுப் பிரிவு. அந்தப் பிரிவிலிருந்து வந்த எந்த அணியும் ஏ.பி. வரிசையில் இருந்த ஒரு பெரிய அணியைத் தோற்கடித்ததாகச் சரித்திரமே கிடையாது. நமக்கு 85 பேருக்கு உதவித்தொகை கொடுக்க அனுமதி, அவர்களுக்கு 63 பேருக்குத்தான். வந்து ஆடிவிட்டுப் போக 4,00,000 டாலர் கொடுத்து நாம் கூப்பிட்ட அணி அது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டேடியம் உயரமாகவே தெரியாது. வாசலுக்குள் நுழைந்து இரண்டு அடி வைத்ததும் காலுக்குக் கீழே கிணறு மாதிரி அத்தனை பெரிய பள்ளம் திறக்கும். யாழினி அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் மோதிக்கொண்டு போனார்கள், அவள் நகரவில்லை. 97-இல் நீ நின்றதும் அதே மாதிரிதான். உன் கையில் தயிர்சாத டப்பா இருந்தது, அவள் கையில் ஆட்டுகிற மஞ்சள் பாம்பாம் குஞ்சம், அவ்வளவுதான் வித்தியாசம். நண்பகல் வெயிலில் அலுமினிய பெஞ்சு சுட்டது, என் துண்டை நாலாக மடித்து அவளுக்குக் கீழே போட்டேன். இன்று அமெரிக்காவிலேயே அதிகம் பேர் கூடிப் பார்க்கும் ஃபுட்பால் ஆட்டம் இதுதான் என்று ஒலிபெருக்கியில் வழக்கம்போலச் சொன்னார்கள். 1,09,218 பேர்.

நாம்தான் முதலில் பந்தை எதிர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் போட்டோம். உடனே அவர்கள் 68 யார்டுக்கு ஒரே பாஸில் போட்டார்கள். சரி, ஒன்று தப்பிவிட்டது என்று நினைத்தேன். இடைவேளையில் பார்த்தால் 28-17, அவர்கள் முன்னிலை. முரளி, அதிர்ஷ்டம் என்று சிலர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், அது அதிர்ஷ்டமே இல்லை. ஆர்மான்டி எட்வர்ட்ஸ் என்ற அந்த ஒல்லிப் பையன்தான் அவர்கள் குவார்ட்டர்பேக், ஒவ்வொரு நகர்வையும் தொடங்கி வைக்கிறவன். அவன் பந்தை ஓடுகிறவனின் வயிற்றில் வைத்துக்கொண்டே நம் ஓரத்துத் தடுப்பாளனைப் பார்ப்பான். தடுப்பாளன் ஓடுகிறவன் மேல் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு இவனே ஓடுவான். தடுப்பாளன் நின்றுவிட்டால் பந்து உள்ளே போய்விடும். நம் ஆள் எதைச் செய்தாலும் தப்பு. ஆட்டக்காரர்களை மைதானத்தின் அகலம் முழுக்க விரித்து நிறுத்திவிட்டதால் நம் தடுப்பில் எங்கு பார்த்தாலும் சந்து. நம் பையன்கள் அவர்களைவிட உயரம், அவர்களைவிடக் கனம். பாதி ஆட்டம் முடிவதற்குள் அந்தக் கனமே நமக்குப் பாரமாகிவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

பந்தோடு ஓடுகிற நம் மைக் ஹார்ட் தொடையில் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்தான். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் திரும்பி வந்தான். ஐந்தடி ஒன்பது அங்குல ஆள், நம் ஊர்ப் பையன் உயரம். நாலரை நிமிடம் மீதி இருக்கையில் 54 யார்டு ஓடிப் போட்டானே, நான் யாழினியைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டேன். 32-31. கடைசி இரண்டு டச்டவுனுக்குப் பிறகும் கூடுதலாக இரண்டு புள்ளிக்கு முயன்று இரண்டு முறையும் கோட்டைவிட்டிருந்தோம், அந்தச் சமயத்தில் யார் அதை நினைத்தார்கள்? அவர்கள் பாஸை மறித்துப் பிடித்துப் பந்தையும் வாங்கிவிட்டோம். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து ஒரு ஃபீல்டு கோல் போட்டால் முடிந்தது. தடுத்துவிட்டார்கள். கையில் டைம்-அவுட் ஒன்றுகூட இல்லாமல் அவர்கள் மைதானம் முழுக்க வந்து 26 வினாடி இருக்கையில் உதைத்தார்கள், 34-32. அப்புறமும் நம் குவார்ட்டர்பேக் ஹென்னி ஒரு பந்தை வானத்தில் தூக்கி எறிந்தான் பார், மேனிங்ஹாம் 46 யார்டில் அதைப் பிடித்தான். ஆறு வினாடி. 37 யார்டு உதை. எல்லோரும் எழுந்து நின்றோம்.

உதைத்த சத்தமும் கையில் பட்ட சத்தமும் ஒட்டிக்கொண்டு கேட்டன. கோரி லின்ச் என்பவன் தடுத்து, பந்தையும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினான். லட்சம் பேர் இருக்கிற இடத்தில் நம் பக்கம் ஒரு சத்தம் இல்லை. தூரத்து மூலையில் இருந்த அவர்கள் ஊர்க்காரர்களின் கூச்சல் மட்டும் கேட்டது, பக்கத்து வீட்டு டிவி மாதிரி. தோளில் இருந்து இறங்கிய யாழினி, "அப்பா, இது ஈஸி மேட்ச்னுதானே சொன்னீங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. கோல்ஃப் மைதானத்தில் நிறுத்திய காரைத் தேடி நடந்தபோது எதிரே அவர்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்தார். அவருக்குக் கை கொடுத்தேன். கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. என் கையை அவர் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் வித்யாவுக்கு எதுவுமே தெரியாது. புதிதாக இரண்டு நாள் முன்பு தொடங்கிய பிக் டென் நெட்வொர்க் சேனலில்தான் ஆட்டம் காட்டினார்கள், எங்கள் கேபிளில் அது வரவில்லை. என் முகத்தைப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஓரிகனோடு ஆடிய ஆட்டத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். 39-7. இடைவேளைக்குள் 32 புள்ளி. அவர்கள் எடுத்தது 624 யார்டு. அவர்கள் குவார்ட்டர்பேக் டென்னிஸ் டிக்சன் பந்தைப் பின்கையால் இன்னொருவனுக்குக் கொடுப்பதுபோல ஒரு பாவனை காட்டினான், நம் பதினோரு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள், அவன் இந்தப் பக்கம் நடந்துபோகிற மாதிரி போய் டச்டவுன் போட்டான். ஹென்னிக்குக் காலில் அடி. 1968-க்குப் பிறகு இவ்வளவு மோசமாக நாம் தோற்றதில்லையாம். நம் ஆட்களே நம் ஆட்களைப் பார்த்து ஊளையிட்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அது இன்னும் உறுத்துகிறது.

நம் பயிற்சியாளர் லாய்டு காரை வீட்டுக்கு அனுப்பு என்று ஊரெல்லாம் பேச்சு. நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியவில்லை, நான் மனதில் பட்டதைச் சொல்கிறேன். 97-இல் நமக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஜெயித்துக் கொடுத்தவர் அவர். அதை மறந்துவிட்டு இரண்டு வாரத்தில் ஒரு மனுஷனைத் தூக்கி எறியச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் மேல் எனக்குக் குறையும் இருக்கிறது. ஓடுகிற குவார்ட்டர்பேக்கை எப்படிப் பிடிப்பது என்று நம் அணி இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. 2005 ஜனவரி ரோஸ் பௌலில் டெக்சாஸின் வின்ஸ் யங் தனியாக நான்கு டச்டவுன் ஓடி நம்மை 38-37 என்று தோற்கடித்தான். ஒஹையோவின் ட்ராய் ஸ்மித் 2004-இல் அதையே செய்தான். இப்போது எட்வர்ட்ஸ், டிக்சன். மூன்று வருஷமாகக் கதவில் இருக்கிற ஓட்டை அது. போன வருஷத்துத் தடுப்பில் இருந்த வுட்லி, லியான் ஹால், டேவிட் ஹாரிஸ், ஆலன் பிராஞ்ச் நால்வரும் போய்விட்ட பிறகு அந்த ஓட்டை நன்றாகவே தெரிகிறது.

ஓரிகனிடம் தோற்ற பிறகு ஹார்ட் மட்டும் நிமிர்ந்து நின்று, நோட்டர் டேமை ஜெயிப்போம் என்று உறுதியாகச் சொன்னான். இரண்டு தோல்வியோடு நாம், இரண்டு தோல்வியோடு அவர்கள். எப்பேர்ப்பட்ட இரண்டு அணிகள்! 38-0, முரளி. ஹார்ட் 187 யார்டு. ரையன் மாலெட் என்ற முதல் வருஷப் பையன் ஹென்னிக்குப் பதிலாக இறங்கி மூன்று டச்டவுன் பாஸ் எறிந்தான். ஆறரை அடி உயரம், பந்து கையை விட்டுப் போகும்போதே விசில் அடிக்கிற மாதிரி போகிறது. நோட்டர் டேம் இந்த சீசனில் அன்றுவரை ஓட்டத்திலோ பாஸிலோ ஒரு டச்டவுன் கூடப் போடாத அணி என்பது எனக்கும் தெரியும். அதனால் ரொம்பவும் துள்ளவில்லை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்றைய ஆட்டம்தான் எனக்கு உண்மையில் தெம்பு கொடுத்தது. பென் ஸ்டேட் 10-ஆம் இடத்தில் இருந்த அணி. 14-9. அவர்களுக்கு ஒரு டச்டவுன்கூட விட்டுக்கொடுக்கவில்லை, மூன்று ஃபீல்டு கோல்தான். ஹார்ட் 44 தடவை பந்தைச் சுமந்தான். நாற்பத்து நான்கு! ஒவ்வொரு தடவையும் இருநூறு, முந்நூறு பவுண்டு ஆட்கள் மூன்று பேர் மேலே விழுகிறார்கள். அவன் அடியிலிருந்து எழுந்து, பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு, ஓடிப்போய் வரிசையில் நிற்கிறான். முப்பது தாண்டிய பிறகு யாழினி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். கடைசியில் அவன் எழுந்திருக்கும்போது முதலில் ஒரு கையை ஊன்றி, கொஞ்சம் நின்று, பிறகுதான் முழங்காலை நிமிர்த்தினான். அப்படியும் பந்து கை நழுவவில்லை. டிவியில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு வாரம் முன்பு பாதியில் எழுந்து வந்தவன், இந்தப் பையன் எழுந்து நிற்பதைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நேற்று டர்பனில் டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவை ஜெயித்தது. யுவராஜ் 30 பந்தில் 70. நாளை பாகிஸ்தானோடு இறுதி ஆட்டம். நீ ஃபவுண்டரியை மூடிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாய் என்று தெரியும். நான் ஆபீஸில் இருப்பேன், ஸ்கோரை எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொண்டே இரு.

இனி நமக்கு நார்த்வெஸ்டர்ன், ஈஸ்டர்ன் மிச்சிகன், பர்டூ என்று வரிசையாக இருக்கிறது. நம் லீகான பிக் டென்னில் இன்னும் தோற்கவில்லை, அதனால் அந்தப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நவம்பர் 17 ஒஹையோ ஸ்டேட், நம் ஊரில். ஹார்ட், ஹென்னி, ஜேக் லாங் மூவரும் போன ஜனவரியிலேயே தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போயிருக்கலாம். போகாமல் இன்னொரு வருஷம் தங்கினார்கள். அவர்கள் இங்கே வந்து இதுவரை மூன்று முறை ஒஹையோவோடு மோதி மூன்றிலும் தோற்றிருக்கிறார்கள். போன வருஷம் நம் பழைய பயிற்சியாளர் ஷெம்பெக்லர் இறந்த மறுநாள் 42-39 என்று தோற்றோமே, அன்று நீ கோயம்புத்தூரில் விடிய விடிய முழித்திருந்து போன் பண்ணினாய். இந்தப் பையன்களுக்கு இது கடைசி வாய்ப்பு.

97-இல் அதே ஒஹையோ ஆட்டத்தில் நம் ஆட்டக்காரன் வுட்சன் 78 யார்டு ஓடி வந்தபோது நீ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பட்டன் தெறித்தது. அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது, வித்யா தூக்கிப் போடச் சொல்லியும் வைத்திருக்கிறேன். நவம்பரில் சிகாகோவில் உனக்குப் பம்ப் கண்காட்சி வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை 15-ஆம் தேதிக்குள் முடித்துக்கொண்டு இங்கே வா. சிகாகோவிலிருந்து காரில் நாலு மணி நேரம், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். என்னிடம் மூன்று டிக்கெட் இருக்கிறது. ஒன்று யாழினிக்கு. அவளிடம் கேட்டுவிட்டேன், ஈஸி மேட்ச் இல்லை என்றும் சொல்லிவிட்டேன், வருகிறாளாம்.

நவம்பர் குளிர் மறந்திருப்பாய், தடித்த சாக்ஸ் கொண்டு வா. அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

என்றும் உன்,
பாலு