மருத்துவக் கருவிக் கட்டுரையின் நோக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வெளிவந்த சி.டி. ஸ்கான் பற்றிய கட்டுரை, 1971இல் இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்ததிலிருந்து அதன் உருவாக்கத்துக்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கோர்மக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றது வரை சுவையாகச் சொன்னாலும், அக்கருவி எக்ஸ் கதிர்களால் இயங்குவதையும், தேவையின்றி எடுத்தால் உடல் வீணே கதிர்வீச்சுக்கு உள்ளாவதையும் ஒரு வரியிலேனும் குறிப்பிடவில்லை. அறிவூட்டத் தொடங்கி, எல்லோரும் ஆண்டுதோறும் ஸ்கான் எடுக்க வேண்டும் என்ற அறிவுரையில் முடியும் எழுத்தின் நோக்கம் அறிவூட்டல்தானா என்று கேட்காதிருக்க முடியவில்லை.

என் அயலில் வசிக்கும் மூதாட்டி ஒருவர், சாதாரணத் தலைவலிக்காக, அக்கட்டுரையை வெட்டி எடுத்துக்கொண்டு மட்டக்களப்புக்குப் பஸ் ஏறப் புறப்பட்டார். அச்சில் வந்ததை வைத்தியரின் சொல்லாகவே அவர் நம்பியிருந்தார். இத்தகைய கட்டுரைகளின் அடியில், எழுதியவரின் தொழிலையும், கருவி விற்போருடனோ ஸ்கான் நிலையங்களுடனோ அவருக்குத் தொடர்பு உண்டா என்பதையும் குறிப்பிடுமாறு வேண்டுகிறேன்.

வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.